அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியும் மயக்கத்தின்போது தரப்படும் மக்னீசியமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் பின்னணியும்

கருப்பையில் பல நார்த்திசுக் கட்டிகள் வளர்ந்து, மாதவிடாயில் மிகுதியான இரத்தப்போக்கால் அவதிப்பட்டுவந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தது. எடை 62 கிலோ. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இக்கட்டுரையில் தவிர்க்கப்பட்டுள்ளன. அறுவை சிகிச்சை வழக்கமானதுதான். ஆனால் அதன் பிறகு வரும் வலியைக் கட்டுப்படுத்த நாம் வழக்கமாக நம்பியிருக்கும் வழிகளில் பலவும் இவர் விஷயத்தில் அடைபட்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கீழ்முதுகெலும்பில் உலோகத் தண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே முதுகில் ஊசி செலுத்தி மரத்துப்போகச் செய்யும் முறை கடினமானது என்பதோடு, அதற்கு அவரும் உடன்படவில்லை. ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை எடுத்தால் மூச்சிரைப்பு கூடும் தன்மையுள்ள ஆஸ்துமா அவருக்கு இருந்ததால், டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகளைத் தர இயலாது. முதுகெலும்பு அறுவை சிகிச்சையின்போது குறைந்த அளவில் தரப்பட்ட கீட்டமின் என்னும் மயக்க மருந்து, விழித்தெழுந்த பிறகு அவரை அச்சுறுத்தும் மாயக் காட்சிகளில் ஆழ்த்தியிருந்தது. வலிக்காகத் தரப்பட்ட மார்பினால் இடைவிடாத வாந்தி ஏற்பட்டது. மயக்கவியல் முன்பரிசோதனையின்போது அவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்: “வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் டாக்டர், வாந்தி எடுக்கும்போது வயிற்றுத் தையல் பிரிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.”

இரத்தத்தில் கிரியாட்டினின் 0.8 மி.கி./டெ.லி. இருந்தது, சிறுநீரகங்கள் நன்றாக இயங்கின. இதய மின்வரைபடத்தில் மின்கடத்தல் தாமதம் எதுவும் இல்லை. ஆஸ்துமா மூச்சிழுப்பு மருந்துகளால் கட்டுக்குள் இருந்தது. நுரையீரலைக் கேட்டுப் பார்த்தபோது இரைப்பு ஒலி இல்லை. மக்னீசிய அளவு 1.9 மி.கி./டெ.லி., அதாவது ஏறத்தாழ 0.78 மில்லிமோல்/லிட்டர், இது இயல்பான வரம்பைச் சேர்ந்தது. இந்த அளவைப் பெரிதாக நம்புவதற்கும் இல்லை. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள ஏறத்தாழ 24 கிராம் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பிலும், பெரும்பாலான மீதி தசைகளிலும் பிற செல்களுக்குள்ளும் இருக்க, இரத்தநீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. இரத்த அளவு இயல்பாக இருப்பதால் உடலின் கையிருப்பும் நிறைவாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

ஏன் மக்னீசியம்?

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி நோயாளி விழித்தபின் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அறுவை மேசையிலேயே, அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. தோலையும் தசையையும் வெட்டும்போது எழும் வலிச் சமிக்ஞைகள் தண்டுவடத்துக்கு இடைவிடாமல் சென்றுகொண்டே இருக்கின்றன. மூளை உணராவிட்டாலும் தண்டுவட நரம்பணுக்கள் அவற்றைப் பெறுகின்றன. திரும்பத் திரும்ப வந்து மோதும் இந்தச் சமிக்ஞைகளால் அந்த நரம்பணுக்களின் உணர்திறன் கூடுகிறது. பிறகு சிறு தூண்டலுக்கும் பெருவலி தோன்றுகிறது. காயத்தைச் சுற்றியுள்ள, வெட்டுப்படாத தோலைத் தொட்டாலும் வலிக்கிறது.

இந்த மிகையுணர்வு உருவாவதில் குளூட்டமேட் என்னும் நரம்புக் கடத்தியின் என்எம்டிஏ ஏற்பிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நரம்பணு அமைதியாக இருக்கும் வரை, மடையில் செருகிய பலகையைப் போல ஒரு மக்னீசிய அயனி அந்த ஏற்பியின் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தூண்டல் நீடித்து நரம்பணுவின் மின்னழுத்தம் மாறும்போது மக்னீசியம் விலகிவிட, கால்சியம் உள்ளே பாய்ந்து மாற்றங்களைத் தொடங்கிவைக்கிறது. மின்னழுத்தத்தைப் பொறுத்து மக்னீசியம் இப்படி வழியை அடைக்கிறது என்பதை 1984-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அயனியின் செறிவைக் கூட்டினால் அடைப்பு உறுதிப்படும், மிகையுணர்வு குறையும் என்ற எதிர்பார்ப்பே இந்தக் கனிமத்தை வலிச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது. கால்சியம் செல்லுக்குள் நுழையும் பிற வழிகளையும் மக்னீசியம் தடுக்கிறது. அதன் இரத்தக்குழாய்த் தளர்வும் மூச்சுக்குழாய்த் தளர்வும் அதிலிருந்தே வருகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மக்னீசியத்தைத் தனியொரு மயக்க மருந்தாகப் பயன்படுத்த முயன்ற காலமும் உண்டு. 1916-இல் சார்ல்ஸ் பெக், சாமுவேல் மெல்ட்ஸர் என்னும் மருத்துவர்கள் சிரைவழி மக்னீசியம் சல்பேட்டால் நோயாளிகளை மயக்கியதாக அறிக்கை வெளியிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1966-இல், தன்னார்வலர்களிடம் அதைக் கவனமாகச் சோதித்த சோம்ஜெனும் அவருடைய சகாக்களும், அவர்கள் அசைய முடியாமல் கிடந்தார்களே தவிர நினைவோடுதான் இருந்தார்கள் என்று காட்டினார்கள். அதிக அளவில் மக்னீசியம் தசைகளை முடக்கும், உறங்கவைக்காது. இன்றும் இந்த மருந்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மயக்கவியல் மருத்துவரும் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

இந்த நோயாளிக்கு மக்னீசியத்தைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. மார்பின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணியின் அளவைக் குறைத்தாக வேண்டியிருந்தது. என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் கீட்டமினை அவருக்குத் தர முடியாத நிலையில், அதே ஏற்பியில் செயல்படும், ஆனால் மாயக் காட்சிகளை ஏற்படுத்தாத மற்றொரு மருந்து தேவைப்பட்டது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாய்களை இறுக்காது என்பதும் சாதகமாக இருந்தது. வலிக்காக மக்னீசியம் தருவது அந்த மருந்துக்கு முறைப்படி ஒப்பளிக்கப்பட்ட பயன்பாடு அன்று என்பதையும், ஊசி ஏறும்போது வரக்கூடிய இரத்த அழுத்தச் சரிவையும் அவருக்கு விளக்கி ஒப்புதல் பெற்றோம். “அப்படியானால் இன்றிலிருந்தே மக்னீசியம் மாத்திரை சாப்பிடட்டுமா?” என்று அவர் கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி இது. வாய்வழி மக்னீசியம் மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் உறிஞ்சப்படுகிறது, அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுகிறது. அறுவை நேரத்தில் தேவைப்படும் அளவை மாத்திரையால் எட்ட முடியாது. வேண்டாம் என்றோம்.

மயக்கமும் மருந்தளவும்

மயக்கம் தொடங்க ஃபென்டனில் 120 மைக்ரோகிராமும் புரோபோஃபால் 120 மி.கி.யும், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தத் தசைத் தளர்வூட்டியான ரோக்குரோனியம் 40 மி.கி.யும் தரப்பட்டன. ரோக்குரோனியம் தருவதற்கு முன்பே மணிக்கட்டு நரம்பின் மீது மின்தூண்டல் கருவியைப் பொருத்தி, அதன் தொடக்க அளவீட்டைப் பதிவு செய்துகொண்டோம். மக்னீசியம் தரத் தீர்மானித்துவிட்டால் தசைத் தளர்வை எண்ணால் அளக்கும் இந்தக் கருவி கட்டாயம் தேவை என்பது என் உறுதியான கருத்து. கருவி இல்லாத இடத்தில், தசைத் தளர்வூட்டி பெறும் நோயாளிக்கு மக்னீசியத்தை வலிக்காகத் தராமலிருப்பதே மேல்.

மயக்கம் செவோஃப்ளூரேனால் தொடரப்பட்டது. ரெமிஃபென்டனில் என்னும் ஓபியாய்டை வேண்டுமென்றே தவிர்த்தோம். அதிக அளவில் செலுத்தப்படும்போது அதுவே பின்னர் வலியுணர்வைக் கூட்டிவிடக்கூடும். ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் 8 மி.கி., பாராசிட்டமால் 1 கிராம் ஆகியவை சிரைவழி தரப்பட்டன. அல்ட்ராசவுண்ட் துணையுடன், வயிற்றுச் சுவர்த் தசை அடுக்குகளுக்கிடையே பக்கத்துக்கு 20 மி.லி. வீதம் 0.25 சதவீத ரோபிவக்கைன் செலுத்தி அங்குள்ள நரம்புகளை மரத்துப்போகச் செய்தோம்.

மக்னீசியம் சல்பேட்டின் தொடக்க அளவாகக் கிலோவுக்கு 40 மி.கி. என்று கணக்கிட்டு, 2.5 கிராமை 100 மி.லி. உப்புநீரில் கலந்து, தோலில் கத்தி படுவதற்கு முன் 15 நிமிடங்களில் ஏற்றி முடிக்கத் திட்டமிட்டோம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 50 சதவீதக் கரைசலின் ஒவ்வொரு 2 மி.லி. குப்பியிலும் 1 கிராம் சல்பேட் உப்பு இருக்கிறது. அதில் தனி மக்னீசியம் ஏறத்தாழ 4 மில்லிமோல் மட்டுமே. கிராம், மில்லிமோல், மில்லிஈக்விவலன்ட் என்று அலகுகள் குழம்பினால் இருமடங்கு தவறு நேரும் என்பதால், சிரிஞ்சின் மேல் கிராமில் மட்டுமே எழுதுவதையும், கலக்கும்போது இருவர் சரிபார்ப்பதையும் வழக்கமாக வைத்திருக்கிறோம்.

மருந்து ஏறத் தொடங்கிய ஏழாம் நிமிடத்தில், 124/76 ஆக இருந்த இரத்த அழுத்தம் 98/58-க்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 68. ஏற்றும் வேகத்தைக் குறைத்து மொத்த நேரத்தை 20 நிமிடங்களாக நீட்டி, இரத்தக்குழாய்களைச் சுருக்கும் ஃபீனைலெஃப்ரின் 50 மைக்ரோகிராம் ஒருமுறை தந்ததில் அழுத்தம் சீரானது. புரோபோஃபாலும் செவோஃப்ளூரேனும் ஏற்கெனவே இரத்தக்குழாய்களைத் தளர்த்தியிருக்கும் நேரத்தில் மக்னீசியத்தை வேகமாகச் செலுத்தினால் இந்தச் சரிவு இன்னும் ஆழமாக இருக்கும். அதன்பிறகு கிலோவுக்கு மணிக்கு 10 மி.கி. என்ற வீதத்தில், அதாவது மணிக்கு 620 மி.கி., தொடர் செலுத்தமாகத் தரப்பட்டு, தோல் தையல் தொடங்கியபோது நிறுத்தப்பட்டது. அறுவை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நீடித்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 3.8 கிராம் சென்றிருந்தது. இடையில் கூடுதலாகத் தேவைப்பட்ட ஃபென்டனில் 50 மைக்ரோகிராம் மட்டுமே.

தசைத் தளர்வு நீண்ட விதம்

இந்த நிகழ்வில் மிகுந்த கவனம் கோரிய பகுதி இதுதான். தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புக் கடத்தியான அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிப்படுவதற்குக் கால்சியம் தேவை. அந்தக் கால்சியத்தோடு மக்னீசியம் போட்டியிடுகிறது. ஆகவே தசைக்குச் சேரும் செய்தி ஏற்கெனவே மெலிந்துவிடுகிறது. அதன்மேல் ரோக்குரோனியம் செயல்படும்போது தளர்வு ஆழமாகவும் நீண்டதாகவும் ஆகிறது. கிலோவுக்கு 0.6 மி.கி. ரோக்குரோனியம் தந்தால் வழக்கமாக 30 முதல் 40 நிமிடங்களில் தசைத் துடிப்புகள் திரும்பத் தொடங்கும். இவருக்கு, மின்தூண்டல் கருவி அடுத்தடுத்துத் தரும் நான்கு தூண்டல்களில் இரண்டாவதற்கான துடிப்பு திரும்பவே 57 நிமிடங்கள் பிடித்தன. அதன்பிறகு 80-ஆம் நிமிடத்தில் 10 மி.கி. மட்டும் தரப்பட்டது. கடிகாரத்தைப் பார்த்து வழக்கம்போல் மறு அளவு தந்திருந்தால் தேவையைவிடக் கூடுதலாகவே போயிருக்கும்.

அறுவை முடிந்தபோது நான்காம் துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் இடையிலான விகிதம் 0.4 ஆக இருந்தது. மூச்சுக்குழாயிலிருந்து குழாயை எடுக்க இந்த விகிதம் குறைந்தது 0.9 ஆக வேண்டும். தசைத் தளர்வை நீக்கும் மருந்தான நியோஸ்டிக்மின் இந்தச் சூழலில் மெதுவாகவே வேலை செய்யும். அசிட்டைல்கோலினைச் சிதையாமல் காப்பதுதான் அதன் வழி, அந்த அசிட்டைல்கோலினின் வெளியீட்டையே மக்னீசியம் குறைத்துவைத்திருக்கிறது. மேலும், ஆஸ்துமா உள்ளவரிடம் அது மூச்சுக்குழாய்களை இறுக்கவும் கூடும். ரோக்குரோனியத்தையே பற்றிப் பிணைத்து விலக்கும் சுகாமடெக்ஸ் 125 மி.கி. தந்தோம், மூன்று நிமிடங்களில் விகிதம் 0.95 ஆனது. தொற்றுத் தடுப்புக்குச் செஃபசோலின் மட்டுமே பயன்படுத்தப்பட்டது. ஜென்டமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகளும் தசைத் தளர்வைக் கூட்டுபவை என்பதால், அவற்றைத் தவிர்க்கும்படி அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம்.

மீட்பறையில் ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, நோயாளியின் இமைகள் பாதி மூடியிருப்பதாகவும் பேச்சு சோர்ந்திருப்பதாகவும் செவிலியர் தெரிவித்தார். இது மயக்க மருந்தின் எஞ்சிய தூக்கமா, திரும்பி வந்த தசைத் தளர்வா, மக்னீசிய மிகையா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை காண வேண்டியிருந்தது. அழைத்ததும் கண்ணைத் திறந்தார், தலையை உயர்த்தி ஐந்து விநாடிகளுக்கு மேல் தாங்கினார், முழங்கால் தசைநாண் அனிச்சை தெளிவாக இருந்தது, மூச்சு நிமிடத்துக்கு 14. துடிப்பு விகிதத்தை மீண்டும் அளந்தபோது 0.94. உடனடியாக அனுப்பிய இரத்தத்தில் மக்னீசியம் 3.1 மி.கி./டெ.லி., அதாவது ஏறத்தாழ 1.3 மில்லிமோல்/லிட்டர். முழங்கால் அனிச்சை மறையத் தொடங்குவது 3.5 முதல் 5 மில்லிமோல் வரையிலும், மூச்சுத் தசைகள் தளர்வது 5-க்கு மேலும்தான். இதய மின்கடத்தல் பாதிக்கப்படுவது 7.5-க்கு மேல். ஆகவே மக்னீசிய மிகை இல்லை, தசைத் தளர்வும் இல்லை. எஞ்சிய மயக்க மருந்தின் தூக்கம் என்று முடிவு செய்தோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் அது விலகியது. மக்னீசியத்தை முறிக்கும் மருந்தான 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. படுக்கையருகே தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

வலியின் போக்கு

பொத்தானை அழுத்தினால் ஒருமுறைக்கு 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் செலுத்தும் பம்பு நோயாளியின் கையில் தரப்பட்டது. ஆறு மணிக்கொருமுறை பாராசிட்டமால் தொடர்ந்தது. பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரையிலான அளவுகோலில், மீட்பறையில் ஓய்வின்போது வலி 3. இரண்டாம் மணியில் ஓய்வில் 2, இருமும்போது 4. ஆறாம் மணியில் 3, 5. பன்னிரண்டாம் மணியிலும் இருபத்து நான்காம் மணியிலும் 2, 4. முதல் நாள் முழுவதற்கும் பம்பிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது 180 மைக்ரோகிராம். ஒருமுறை குமட்டல் வந்தது. ஒன்டான்செட்ரான் 4 மி.கி. அதை அடக்கியது. வாந்தி வரவில்லை. மறுநாள் காலை மக்னீசிய அளவு 2.1 மி.கி./டெ.லி.க்குத் திரும்பியிருந்தது. அன்று மாலையே எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது தழும்பைச் சுற்றி வலியோ தொடுவதால் வரும் கூச்சமோ இல்லை.

இதில் மக்னீசியத்தின் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஒற்றை நோயாளியிடம் விடை இல்லை. வயிற்றுச் சுவர் நரம்புகளை மரத்துப்போகச் செய்தது முதல் சில மணி நேர வலியின் பெரும்பகுதியைத் தாங்கியிருக்கும். அந்த மரப்பு விலகும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரக் கட்டத்தில் வலி சட்டென்று ஏறாததுதான் எங்களைக் கவர்ந்தது. மிகையுணர்வு உருவாகாமல் தடுக்கப்பட்டதன் அடையாளம் அது என்று சொல்ல ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் டெக்சாமெத்தசோனும் வலியைக் குறைக்கும், நரம்பு மரப்பின் நேரத்தையும் நீட்டும். வாந்தி வராததற்கும் அதே டெக்சாமெத்தசோன் உரிமை கோரலாம். இவற்றைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழுக்கள் கொண்ட ஆய்வுகளிடம்தான் போக வேண்டும்.

அந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1996-இல் டிராமெரும் அவருடைய குழுவினரும், இதே வகையான கருப்பை நீக்க அறுவை சிகிச்சையில், மக்னீசியம் பெற்ற பெண்களுக்குக் குறைவான மார்பினே தேவைப்பட்டதாகக் கண்டார்கள். 2001-இல் கோ என்பவரும் அவருடைய குழுவினரும் அதே அறுவை சிகிச்சையில் சிரைவழி மக்னீசியத்தால் பயன் எதையும் காணவில்லை. ஆனால் தண்டுவடத் திரவத்தில் மக்னீசியம் அதிகமாக இருந்த நோயாளிகளுக்கு வலிநிவாரணி குறைவாகவே தேவைப்பட்டதை அவர்கள் கவனித்தார்கள். இந்த முரண்பாட்டில் ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது. இரத்தத்திலிருந்து மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு மக்னீசியம் எளிதில் கடப்பதில்லை. ஊசியால் இரத்த அளவை உயர்த்தினாலும் அது செயல்பட வேண்டிய தண்டுவடத்தில் அளவு சிறிதே மாறுகிறது. எனவே நோயாளிக்கு நோயாளி பலன் மாறுபடுவதில் வியப்பில்லை.

2013-இல் ஆல்பிரெக்ட்டும் அவருடைய சகாக்களும் 25 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,461 நோயாளிகளையும் சேர்த்துப் பகுத்தபோது, முதல் 24 மணி நேர மார்பின் தேவை ஏறத்தாழ 24 சதவீதம், அதாவது 7.6 மி.கி., குறைந்திருந்தது. நூறு புள்ளி அளவுகோலில் ஓய்வின்போது வலி 4 புள்ளியளவும், அசையும்போது 9 புள்ளியளவும் குறைந்தன. ஓய்வில் நான்கு புள்ளி என்பது நோயாளியால் உணரக்கூடிய மாற்றமா என்றால், பெரும்பாலும் இல்லை. ஓபியாய்டைத் தாராளமாகத் தரக்கூடிய, அது ஒத்துக்கொள்ளும் ஒருவருக்கு 7.6 மி.கி. மார்பினை மிச்சப்படுத்துவது பெரிய விஷயமன்று. ஆனால் ஓபியாய்டின் ஒவ்வொரு மில்லிகிராமும் வாந்தியாகவோ மூச்சுத் தடையாகவோ திரும்பி வரும் ஒருவருக்கு, அந்தக் கால்பங்குக் குறைவு வேறு பொருள் பெறுகிறது. ஆகவே எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாக மக்னீசியம் தருவதை நான் ஆதரிக்கவில்லை; இந்தப் பெண்மணியைப் போல மற்ற வழிகள் அடைபட்டவர்களுக்கும், அதிக அளவில் ரெமிஃபென்டனில் தவிர்க்க முடியாத அறுவை சிகிச்சைகளுக்கும் அதை ஒதுக்கிவைப்பதே சரி என்று கருதுகிறேன். ரெமிஃபென்டனிலால் வரும் மிகையுணர்வை மக்னீசியம் குறைக்கும் என்பதற்கு 2011-இல் தைராய்டு அறுவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று சான்று தருகிறது.

இதன் பாதுகாப்பைப் பற்றிய நம் நம்பிக்கையில் பெரும்பகுதி வலி ஆய்வுகளிலிருந்து வந்ததன்று, மகப்பேறு மருத்துவத்திலிருந்து வந்தது. கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் எவ்வளவு உதவுகிறது என்பதை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. வலிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அங்கு தரப்படும் அளவுகள் நாம் வலிக்காகத் தருவதைவிடப் பெரியவை. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் தசைத் தளர்வூட்டி பெறுவதில்லை. அறுவை மேசையில் அந்த ஒரு வேறுபாடே ஆபத்தின் தன்மையை மாற்றிவிடுகிறது என்பதை, பிரசவ அறை அனுபவத்தை அப்படியே அறுவை அறைக்குக் கொண்டுவருபவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. மக்னீசியம் வெளியேற வேறு பெரிய வழி இல்லை. இதய மேலறையிலிருந்து கீழறைக்கு மின்கடத்தல் தடைபட்டவர்களுக்கும், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத் தசை நோய் உள்ளவர்களுக்கும் தரக் கூடாது. வார்டுக்கு மாற்றும்போது நாங்கள் அனுப்பும் தாளில் மொத்த மக்னீசிய அளவு, செலுத்தம் நிறுத்தப்பட்ட நேரம், கடைசித் துடிப்பு விகிதம், முழங்கால் அனிச்சையின் நிலை ஆகியவற்றோடு, முதல் 12 மணி நேரத்துக்கு அமினோகிளைகோசைடு தர வேண்டாம் என்ற வரியும் இடம்பெறுகிறது. மீண்டும் அறுவை தேவைப்பட்டால் தசைத் தளர்வூட்டியின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் எழுதப்படுகிறது.